வந்துட்டே இருக்கு

திறக்குமான்னா கேட்டீங்க? உக்காருங்க சார். அந்த ஓரம் ஈரமா இருக்கு, இந்தப் பேப்பரைப் போட்டுக்குங்க. சொல்றேன். உங்க பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. அந்த பஸ்ஸு ஏழே காலுக்கு முன்னாடி வந்ததா சரித்திரமே... வராது சார், விடுங்க. உக்காருங்க.

நீங்க ஷட்டரைப் பாத்துட்டு நின்ன தோரணையிலேயே தெரிஞ்சுபோச்சு, பழைய கஸ்டமர்னு. இருங்க, சொல்லாதீங்க. மாஸ்க் போட்டிருக்கறதால சட்டுனு பிடிபட மாட்டேங்குது. பொங்கல். நீங்க பொங்கல், கூட ஒரு வடை, சாம்பாரைத் தனியா கிண்ணத்துல கேப்பீங்க. சரியா? என்னது, பூரியா? உங்களைப் பாத்தா பூரி ஆளுன்னு சொல்லவே முடியாதே சார். சரி, முப்பத்தொரு வருஷத்துல ஒண்ணு ரெண்டு தப்பும். என் பேரு பூவலிங்கம். செண்பக விலாஸ்ல சப்ளையர். ஆறாம் நம்பர் மேஜையில இருந்து பத்தாம் நம்பர் வரைக்கும், வாஷ்பேசின் பக்கத்து வரிசை பூரா நான்தான். கஸ்டமர் உக்காந்து விரலால மேஜையைத் தட்டறதுக்குள்ள டிபன் வந்துடும். என்ன வேணும்னு கேக்கறவன் சப்ளையரா சார்? அது விசாரணை.

திறக்குமான்னு கேட்டீங்கள்ல. அதுக்குத்தான் வர்றேன். நான் நேரா பதில் சொல்ல மாட்டேன்னு நினைக்காதீங்க. அதுல ஒரு சங்கதி இருக்கு.

நான் வேலைக்குச் சேந்த மொத நாளு. ஒருத்தர் பொங்கல் கேட்டாரு. உள்ள போய்ப் பாத்தேன், அண்டா காலி. வந்து, அவருகிட்ட அந்த வார்த்தையைச் சொன்னேன். எந்த வார்த்தைன்னு உங்களுக்கே தெரியும். இருக்குங்கறதுக்கு எதிர்ப்பதம். பெரிய முதலாளி கல்லாவுல இருந்து எழுந்தே வந்துட்டாரு. என் காதைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போய், "டேய், இது அன்னம் போடுற இடம். அந்த வார்த்தை இங்க யார் வாயிலேயும் வரக்கூடாது. பொங்கல் தீந்துபோச்சுன்னா, வந்துட்டே இருக்கு சார், அதுக்குள்ள சூடா ஒரு ரவா தோசை சாப்பிடுங்கன்னு சொல்லு. சாம்பார் வாளி காலியானா நிறைஞ்சிருக்குன்னு சொல்லு. புரியுதா?"ன்னாரு. புரிஞ்சுது. அன்னையில இருந்து இன்னைய வரைக்கும் அந்த வார்த்தை என் நாக்குல வந்ததே கெட... பாத்தீங்களா, அதுவும் வராது. முப்பத்தொரு வருஷம் சார். நாக்கு அப்படியே மடிஞ்சுபோச்சு.

ஜனங்களும் அதைத்தான் விரும்புறாங்க. வந்துட்டே இருக்குன்னா நிம்மதியா உக்காந்திருப்பாங்க. பாதிப் பேரு தோசையைச் சாப்பிட்டுட்டுப் பொங்கலை மறந்துட்டுப் போயிடுவாங்க. ஒருத்தருக்கும் மனசு நோகாது.

இப்ப ஏழாம் நம்பர் சாரைப் பத்திச் சொல்லணும். நீங்க அவரைப் பாத்திருப்பீங்க. ஒல்லியா, முழுக்கைச் சட்டை போட்டுக்கிட்டு, கை பட்டனைக்கூடக் கழட்டாம சாப்பிடுவாரு. பின்னாடித் தெரு மேன்ஷன்ல ஒத்தை ரூம்ல இருந்தாரு. பதினேழு வருஷமா காலையில ஆறு நாப்பதுக்கு ஏழாம் நம்பர் மேஜை. ரெண்டு இட்லி, சர்க்கரை போடாத காபி. சாப்பிட்டதும் சட்டைப் பையில இருந்து மாத்திரையை எடுத்துப் போட்டுக்குவாரு. வயித்துல ஏதாச்சும் விழுந்தப்புறம்தான் அந்த மாத்திரை போடணுமாம்.

அவருக்குக் கை நடுங்கும். வலது கை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வேற யாருக்கும் தெரியாது. எப்படின்னா, நான் இட்லியைப் பிட்டு, சாம்பாரை மேல ஊத்தி, ஸ்பூனோட வெச்சிடுவேன். காபியை அரை டம்ளர்தான் ஊத்துவேன். அவரு குடிச்சு முடிக்கறப்ப அந்தப் பக்கம் போற மாதிரி போய், டவராவுல இருக்கற மீதியை ஊத்துவேன். அரை டம்ளர் தளும்பாது பாருங்க. இதை அவரும் கேட்டதே... அவரு கேக்கவே வேண்டாம். நானும் சொன்னதா ஞாபகம்... ம். ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே கம்மிதான் சார். "வாங்க சார்", "வரேன் பூவலிங்கம்". அவ்வளவுதான். ஆனா என் பேரு அவருக்குத் தெரியும். அவரு பேரு எனக்குத் தெரியாது. ஏழாம் நம்பர் சாருக்கு எதுக்கு சார் பேரு?

ஒரு தடவை என் பொண்ணு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தேன், பத்து நாளு. வேற சப்ளையர் டம்ளர் முட்ட ஊத்திக் குடுத்திருக்கான். சட்டை பூரா காபி. நான் திரும்பி வர்ற வரைக்கும் அவரு கடைப்பக்கமே வர மாட்டேன்னுட்டாரு. நான் வந்த மறுநாளு ஆறு நாப்பதுக்கு ஏழாம் நம்பர்ல உக்காந்திருந்தாரு. நான் வந்துட்டேன்னு அவருக்கு யாரு சொன்னாங்கன்னு கேக்கறீங்களா? எதிர்ல பூ விக்கிற கனகாதான். தினம் அவகிட்ட விசாரிச்சிருக்காரு. எனக்கு அன்னைக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? பொண்ணு கல்யாணத்துல கூட அவ்வளவு சந்தோஷமா இருந்தேனான்னு சந்தேகம்தான்.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். வீட்டுல இருந்துதான். அப்புறம் பேசிக்கலாம்.

அந்தக் கடைசி நாளுக்கு வர்றேன். போன வருஷம் மார்ச்சு, செவ்வாக்கிழமை. விடியறதுக்கு முன்னாடி முதலாளி, பெரியவரோட மகன், எல்லாரையும் கிரைண்டர் பக்கத்துல கூப்பிட்டு நிறுத்தினாரு. "அரைச்ச மாவு தீர்ற வரைக்கும் ஓட்டுங்க. இன்னையோட அடைக்கிறோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பஸ்ஸு ஓடுமோ ஓடாதோ, மத்தியானமே கோயம்பேடு போயிடுங்க"ன்னாரு. எப்ப திறப்பீங்கன்னு சரக்கு மாஸ்டர் கேட்டாரு. முதலாளி அடுப்பையே பாத்துட்டு நின்னாரு. அவரும் இந்தக் கடையில வளந்தவருதானே, அவரு வாயிலேயும் அந்த வார்த்தை வராது.

ஆறு நாப்பதுக்கு ஏழாம் நம்பர் சார் வந்தாரு. கையில பேப்பர். ரெண்டு இட்லி, காபி முதல் அரை, காபி ரெண்டாவது அரை. மாத்திரையைப் போட்டாரு. எழுந்திரிச்சவரு என்னைப் பாத்து, "பூவலிங்கம், நாளைக்குக் கடை இருக்குமா? பேப்பர்ல என்னென்னமோ போட்டிருக்கான்"ன்னாரு.

எனக்குத் தெரியும் சார். ஒரு மணி நேரம் முன்னாடிதான் முதலாளி சொல்லியிருக்காரு. என் பை பின்னாடி தயாரா இருக்கு. ஆனா வாய் பாட்டுக்கு, "இருக்கு சார். வாங்க"ன்னு சொல்லிடுச்சு.

அவரு பேப்பரை நாலா மடிச்சுக் கக்கத்துல வெச்சுக்கிட்டு, "நீ சொன்னா சரி"ன்னாரு. போயிட்டாரு.

பொய்யா சார் அது? அன்னைக்கு என்னை நாப்பது பேரு கேட்டிருப்பாங்க. நாப்பது பேருக்கும் அதேதான் சொன்னேன். அவங்க எல்லாம் வீட்டுக்குப் போய் டிவியைப் பாத்துத் தெரிஞ்சிருப்பாங்க. பொண்டாட்டி தோசை சுட்டுப் போட்டிருப்பா. அதைப் பத்தி எனக்குக் கவலையே... கவலைப்படவே மாட்டேன். இவரு ஒருத்தருதான்.

பஸ்ஸுல பதிமூணு மணி நேரம் நின்னுக்கிட்டே போனேன். சங்கரன்கோவில் பக்கம் எங்க ஊரு. வீட்டுல பேச்சி மட்டும்தான். என் சம்சாரம். பீடி சுத்துவா. பொண்ணைக் கட்டிக் குடுத்தப்புறம் ஒண்டியாத்தான் இருந்தா. நான் வருஷத்துக்குப் பத்து நாள் போவேன், திருவிழாவுக்கு. மத்தபடி போன்தான். இந்த ஊரடங்குலதான் சார் கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துக்கப்புறம் மொத தடவையா அவளோட தொடர்ந்தாப்புல ஒரு மாசம் இருந்தேன். அப்புறம் அது ஒரு வருஷம் ஆச்சு.

சும்மா இருந்து பழக்கமாகுமா சார்? விடிகாலம் நாலு மணிக்கு முழிப்பு வந்துடும். என்ன செய்ய? அவ சாப்பிட உக்காந்தா நான் கரண்டியோட பக்கத்துல போய் நிப்பேன். "நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க, இது என்ன கடையா"ன்னு சத்தம் போடுவா. உக்காந்தா எனக்கு இறங்காது. ஒரு நாள் அவ தட்டுல மோரை ஊத்திட்டேன். தட்டை அப்படியே தள்ளி வெச்சுட்டா. மோரு அவளுக்கு ஆகாதாம், ஊத்தினா மூச்சு இழுக்குமாம். கல்யாணம் ஆன நாள்ல இருந்தே அப்படித்தானாம். எனக்கு எப்படி சார் தெரியும்? சொன்னாத்தானே தெரியும். அதுக்கு ஒரு அழுகை.

அப்புறம் இன்னொண்ணு சொன்னா. பொம்பளைங்க எதையெல்லாம் மனசுல வெச்சிருக்காங்க பாருங்க. நான் போன்ல, தீபாவளிக்கு வருவீங்களான்னு கேட்டா, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்வேனாம். சொல்லியிருப்பேன். லீவு கெடைக்குமா கெடைக்காதான்னு எனக்கே தெரியாது, பாவம் அவ மனசை எதுக்கு நோகடிக்கணும்? அதுக்கு அவ என்ன சொல்றா தெரியுமா? "நீங்க வாரேன்னு சொன்ன அன்னைக்கெல்லாம் நான் ரெண்டு பேருக்கு உலை வெப்பேன். கதவைச் சாத்தாம உக்காந்திருப்பேன். மறுநாளு அந்தச் சோத்துல தண்ணியை ஊத்தி நான்தான் தின்பேன். ஒரு தடவை, வர முடியாதுட்டின்னு சொல்லியிருந்தா, நான் பாட்டுக்குக் கதவைச் சாத்திட்டுப் படுத்திருப்பேன்லா"ங்கிறா. பைத்தியக்காரி. எத்தனை வருஷத்துக் கதை. இப்ப பக்கத்துலதானேட்டி உக்காந்திருக்கேன்னு சொல்லிட்டு நான் வெளிய போயிட்டேன்.

ஆனா எனக்கு அங்க தூக்கம் வராது சார். ஏன்னா, கண்ணை மூடினா ஏழாம் நம்பர் சாருதான். "நீ சொன்னா சரி." அவரு வந்து நின்னிருப்பாரா? எத்தனை நாள் நின்னிருப்பாரு? மாத்திரைக்கு முன்னாடி என்ன சாப்பிட்டாரு? பேச்சி என்ன யோசனைன்னு கேப்பா. அவளுக்குப் புரியாது. ஒரு மனுஷன் நம்ம வார்த்தையை நம்பிக் காத்துக்கிட்டு இருக்கறது எவ்வளவு பெரிய பாரம்னு அவளுக்கு எங்க தெரியப்போகுது?

முதலாளி போன் பண்ணினாரு, கட்டடத்துக்காரங்ககிட்ட சாவியைக் குடுத்தாச்சு, வேற வேலை பாத்துக்கோன்னு. அதுக்கப்புறமும் மனசு கேக்க மாட்டேன்னுச்சு. ரெண்டாவது அலை ஓஞ்சு பஸ்ஸு விட்டதும், ரெண்டே நாளு, பாத்துட்டு வந்துடறேன்னு பேச்சிகிட்ட சொல்லிட்டுக் கிளம்பி வந்தேன். அவ புளிச்சோறு கட்டிக் குடுத்தா. இன்னைக்கு மூணு வாரம் ஆகுது.

வந்த அன்னைக்கே கனகாவைப் பாத்தேன், அவ குடியிருக்கறதும் இந்தத் தெருவுலதான். அவ சொன்னா. கடை அடைச்ச மறுநாளு புதன்கிழமை, ஆறு நாப்பதுக்கு அவரு வந்தாராம். ஷட்டரைப் பாத்துட்டு நின்னாராம். கடை மூடியாச்சு சார், போங்கன்னு இவ சொல்லியிருக்கா. "பூவலிங்கம் வரச் சொல்லியிருக்கான்"ன்னாராம். அடுத்த நாளும் வந்திருக்காரு. பன்னெண்டு நாளு சார். பன்னெண்டு நாளு வந்து, ஏழாம் நம்பர் மேஜை எங்க இருக்குமோ அதுக்கு நேரா, ஷட்டருக்கு வெளிய நின்னிருக்காரு. போலீஸ்காரர் ஒருத்தர், எங்க பெருசு கிளம்பிட்டீங்கன்னு கேட்டதுக்கும் அதே பதில்தான். அந்த போலீஸ்காரரு இவரைப் புத்தி பிசகின ஆளுன்னு நினைச்சு, ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில குடுத்துக் கூட்டிட்டுப் போய் மேன்ஷன்ல விட்டுட்டு, வெளிய விடாதேன்னு வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு.

மேன்ஷனுக்குப் போனேன். அந்த ஒல்லியான சார், கை நடுங்குமேன்னு கேட்டேன். வாட்ச்மேன், "வேதகிரி சாரா?"ன்னான். அப்பத்தான் சார் அவரு பேரு எனக்குத் தெரியும். டைப்ரைட்டிங் வாத்தியாரா இருந்தவராம். அந்தக் கையால ஆயிரம் பேருக்கு டைப் சொல்லிக் குடுத்திருக்காராம்.

அப்புறம் வாட்ச்மேன் அந்த வார்த்தையைச் சொன்னான். இந்த மே மாசம். காய்ச்சல், ஆம்புலன்ஸ், மூணு நாளு. சொந்தம்னு ஒருத்தரும் வர முடியாம, கார்ப்பரேஷன்ல இருந்தே எல்லாத்தையும் முடிச்சுட்டாங்களாம். அவன் ரொம்ப சாதாரணமா சொன்னான் சார். நான் அங்கேயே படியில உக்காந்துட்டேன்.

அவன் ஒரு தகவல் சொன்னான். அடைச்சுக் கெடந்த அந்த ஒரு வருஷமும் இவன்தான் அவருக்கு டீ வாங்கிட்டு வருவானாம். ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வெச்சிருந்தாராம். "அரை டம்ளர் ஊத்து. குடிச்சப்புறம் மீதியை ஊத்து"ம்பாராம். "என்ன சார், ஒரேயடியா ஊத்தினா என்ன"ன்னு இவன் சலிச்சுக்குவானாம். "பூவலிங்கம் அப்படித்தான் ஊத்துவான்"னு சொல்வாராம். "யாருப்பா அது பூவலிங்கம்? நீதானா? நீ அவரு மகனா?"ன்னு என்னைக் கேட்டான்.

அதுக்கும் அந்த வார்த்தைதான் பதில். அது எனக்கு வராது. ஆமான்னு தலையை ஆட்டிட்டேன். "ஒரு வருஷமா எங்கய்யா போயிருந்தே?"ன்னு திட்டிட்டு, உள்ள போய் அவரு சாமானை எடுத்துட்டு வந்து குடுத்தான். ஒரு மூக்குக்கண்ணாடி, மாத்திரை டப்பா, இந்த டம்ளர். பாருங்க. பையிலேயேதான் வெச்சிருக்கேன். பிடிச்சுப் பாருங்க சார், பரவாயில்... பிடிங்க.

இப்ப ஒரு இடத்துல சேந்திருக்கேன், போன வாரம். கல்யாண மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு. அதுவும் ஹோட்டல்தானாம். மேஜை, நாற்காலி, வாஷ்பேசின் ஒண்ணும் வேண்டாமாம். போன்ல ஆர்டர் வரும், டப்பாவுல அடைச்சு, நம்பர் ஒட்டி, ஜன்னல்ல வைக்கணும். பைக்குல வர்றவன் எடுத்துட்டுப் போயிடுவான். யாரு சாப்பிடறாங்க, பசியில சாப்பிடறாங்களா, மீதி வெச்சாங்களா, ஒரு மண்ணும் தெரியாது. பொங்கல் தீந்துபோனா அந்த போன்லேயே பொங்கல் மேல ஒரு கோடு விழுந்துடுது. யாரும் யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். எட்டு மணிக்கு டூட்டி. அதுக்கு முன்னாடி ஆறரைக்கெல்லாம் இங்க வந்து இந்த பெஞ்சுல உக்காந்துடுவேன். ஆறு நாப்பது தாண்டினதும் எழுந்து போவேன். ஏன்னு கேக்காதீங்க. இந்த ஊர்ல எனக்கு வேற எங்க போகணும்னு தெரியாது.

இன்னைக்கு உங்களாலதான் ஏழு தாண்டிடுச்சு. அந்த ஷட்டருக்கு முன்னாடி, வாஷ்பேசின் பக்கமா நீங்க நின்னீங்களா, எனக்கு ஒரு நிமிஷம் அவருதான்னு தோணிடுச்சு. கிட்ட வந்து பாத்தா பூரி. கோவிச்சுக்காதீங்க.

என்ன கேட்டீங்க நீங்க? கடை திறக்குமான்னு. நாளைக்கும் இந்தப் பக்கம் வேலை இருக்கு, டிபன் சாப்பிட வரலாமான்னு.

கடை...

இருங்க சார். சொல்லிடறேன். இருங்க.

கடை இல்ல சார்.

இல்ல. இனிமே இல்ல. நாளைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. வந்து நிக்காதீங்க.

பாத்தீங்களா, சொல்லிட்டேன். நாக்கு ஒண்ணும் அறுந்து விழுந்துடல. இந்த ஒரு வார்த்தை சார். அன்னைக்கு ஏழாம் நம்பர்கிட்ட இதைச் சொல்லியிருந்தா, அந்த மனுஷன் ரெண்டு பன்னு வாங்கிட்டு ரூமுக்குப் போயிருப்பாரு. பன்னெண்டு நாளு தெருவுல நின்னிருக்க மாட்டாரு. நம்பி நிக்கறவங்களை நிக்க வைக்கறது பாவம். இப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. யாருகிட்ட வேணாலும் சொல்லுவேன் இதை. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடணும்.

நீங்க நேரா போனீங்கன்னா ரெண்டாவது சந்துல ஒருத்தன் ஹோட்டல் திறந்திருக்கான். பூரி நல்லாத்தான் உப்பி வரும், கிழங்குதான் சுமார். அதோ உங்க பஸ்ஸும் வந்துடுச்சு. எதுல போறீங்களோ போங்க.

மறுபடியும் போனா? அவதான். ஒரு நிமிஷம் சார்.

ஆங், சொல்லு பேச்சி. எங்க இருக்கேனா? பஸ் ஸ்டாண்டுலதான்ட்டி இருக்கேன். பஸ்ஸு சத்தம் கேக்குதா? ஆமா, கிளம்பிட்டேன். வேலையா? எனக்கென்ன வேலை இங்க? இந்தா, வந்துக்கிட்டே இருக்கேன். ம். ம். அட, நம்புட்டி.

ஆமா, ரெண்டு பேருக்கே உலை வை.